நரியின் சிரிப்புக்கு ஆசைப்பட்ட மைனா

ஒரு காட்டில் ஒரு சிரிப்பு காத்திருந்தது.

நல்ல பெரிய சிரிப்பு. இந்தக் கதையின் கடைசியில் அது வரும். வரும் என்று சொன்னால் வரும், ஏமாற்ற மாட்டேன். ஆனால் இப்போதே கொடு என்று அடம்பிடிக்கக் கூடாது. முதலில் ஒரு மைனாவைப் பார்த்துவிட்டு வருவோம்.

அது மலை மைனா. கறுகறுவென்று உடம்பு, கழுத்தோரம் மஞ்சள் மடிப்பு. காட்டில் யார் எப்படிப் பேசினாலும் அப்படியே திருப்பிப் பேசும்.

முயல் எதையும் இரண்டு தடவை சொல்லும், இல்லையா? மைனா இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரது? யாரது? ஓடு, ஓடு!" என்று கத்தும். மேய்ந்துகொண்டிருந்த முயல்களெல்லாம் விழுந்தடித்து ஓடும். அப்புறம் புதருக்குள் உட்கார்ந்து, "நீயா சொன்னே? நீயா சொன்னே?" என்று ஒன்றோடொன்று சண்டை போடும்.

ஆமை ஒரு சொல் சொல்லிவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்துதான் அடுத்த சொல்லைச் சொல்லும். மைனா அதன் முதுகிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"யாரு... என்... முதுகிலே..." என்று ஆமை கேட்கும்.

"யாரு... என்... வயித்துக்குக் கீழே..." என்று மைனா கேட்கும்.

மான் எந்தப் பேச்சையும் முடித்ததே இல்லை. "நான் என்ன சொல்ல வந்தேன்னா... அங்கே இலை அசைஞ்ச மாதிரி..." என்று பாதியில் ஓடிவிடும். முள்ளம்பன்றிக்கு எதுவுமே பிடிக்காது. "மழையா? நனையணும். வெயிலா? காயணும். என்ன காடோ இது!" இந்த இரண்டு குரலும் மைனாவுக்கு அத்துப்படி. ஒரு நாள் முள்ளம்பன்றியின் வீட்டு வாசலில் நின்று முள்ளம்பன்றி மாதிரியே முணுமுணுத்தது. உள்ளேயிருந்து முள்ளம்பன்றியின் மனைவி, "வந்ததும் ஆரம்பிச்சாச்சா? கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று திட்டினாள்.

இதற்குச் சிரித்துவிடாதீர்கள். நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

மைனாவுக்கு வராத குரல் காட்டில் ஒன்றே ஒன்றுதான். நரியின் சிரிப்பு. நரியின் பேச்சு வரும், இருமல் வரும், கொட்டாவி கூட வரும். சிரிப்பு மட்டும் வராது. ஏனென்றால் நரி சிரித்து யாரும் கேட்டதில்லை.

"நரியண்ணா, ஒரே ஒரு தடவை சிரிங்களேன்! ஒரு தடவை கேட்டாப் போதும், பிடிச்சுக்குவேன்" என்று மைனா பின்னாலேயே பறக்கும்.

"சிரிக்கிற மாதிரி ஏதாவது நடக்கட்டும், சிரிக்கிறேன்" என்று நரி போய்விடும்.

மைனாவின் வீடு நாவல் மரத்துப் பொந்தில் இருந்தது. பாறைக்கும் குளத்துக்கும் நடுவே நிற்கிற மரம். பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள். இறகு முளைக்கவில்லை, வாய் மட்டும் முளைத்திருந்தது. மைனா வெளியே கிளம்பும்போதெல்லாம் சொல்லும்: "அம்மா வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. வெளியே என்ன சத்தம் கேட்டாலும், மூச்! எங்கே, இருந்து காட்டுங்க பார்ப்போம்."

குஞ்சுகள் இரண்டும் சட்டென்று அடங்கிக் காட்டும். சமர்த்துக் குஞ்சுகள்.

அந்தக் கோடையில் குளத்துக்குப் போகிற பழைய வழி இடிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. தண்ணீருக்குப் போன குட்டிகளின் காலெல்லாம் முள். காட்டில் வழி போடுவது யானைகளின் வேலை. யானைகளுக்குத் தலைவி ஒரு வயதான யானை. எல்லாரும் அதைப் பெரியம்மா என்பார்கள்.

பெரியம்மா நரியைக் கூப்பிட்டது. எல்லாருக்கும் சேதி சொல்வது நரியின் வேலை.

"பாறையிலேருந்து குளம் வரைக்கும் நல்லதா ஒரு தடம் போடப்போறோம். பாதி வழியிலே குட்டிங்க விளையாட ஒரு திடல். தடத்தை நேராப் போட்டா நாவல் மரம் நிக்கிற இடம் திடலாகும், மரம் போயிடும். வளைச்சுப் போட்டா மூங்கில் பக்கமாச் சுத்தி வரும், மரம் நிக்கும். எப்படிப் போடலாம்னு அங்கே குடியிருக்கிறவங்கதான் சொல்லணும். ஒவ்வொரு வீடாப் போ. நாளைக்கு வெயில் தாழ்ந்ததும் பாறைக்கு வரச் சொல்லு."

"யாராவது வேண்டாம்னு சொன்னா, பெரியம்மா?"

"ஒரே ஒருத்தர் சொன்னாலும் வளைச்சிடுவோம். எங்களுக்கு என்ன? கூட ஒரு நாள் வேலை."

நரி தலையை ஆட்டிவிட்டு வந்தது. நரியின் வளை எங்கே இருந்தது தெரியுமா? நாவல் மரத்துக்குப் பக்கத்துப் பாறை இடுக்கில். தடம் நேராகப் போனால் திடல் அதன் வாசலில் வரும். முயல் குட்டிகளும் மான் குட்டிகளும் தினமும் அதன் வாசலிலேயே வந்து விளையாடும். கொழுகொழுவென்று விளையாடும்.

நரி ஒரு வீட்டுக்கும் போகவில்லை. நேராக மைனாவிடம் போனது.

"மைனா, உனக்கு ஒரு வேலை இருக்கு. உன்னைத் தவிர இந்தக் காட்டிலே வேற யாராலேயும் முடியாது."

மைனாவின் கழுத்து மடிப்பு சிலிர்த்துக்கொண்டது. "சொல்லுங்க, சொல்லுங்க!" என்றது, முயல் குரலில்.

"குளத்துக்குப் புதுசா வழி போடறாங்க. எல்லார் வீட்டுக்கும் போய் நான் கேட்டாச்சு. எல்லாரும் சரின்னுட்டாங்க. ஆனா இந்த வெயில்லே பாறை வரைக்கும் யாரு நடந்து வர்றது? பாவம், ஆமை இப்போ கிளம்பினா மழைக்காலத்துக்குத்தான் வந்து சேரும். பெரியம்மாவுக்கு ஒவ்வொருத்தர் குரலையும் காதாலே கேட்கணும். நீ கொஞ்சம் எல்லாருக்குமாச் சேர்த்துக் குரல் கொடுத்துடேன்."

"பெரியம்மா என்னைப் பார்த்துட்டா?"

"பார்க்கவே மாட்டாங்க. மறந்துட்டியா, அவங்க எப்படி உக்காருவாங்கன்னு?"

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரியம்மா எப்போது கருத்துக் கேட்டாலும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் உட்காரும். யானையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'வேண்டாம்' என்று சொல்ல எந்த முயலுக்குத் தைரியம் வரும்? சின்னவர்கள் பயப்படாமல் பேசட்டும் என்று, பெரியம்மாவே வைத்த வழக்கம் அது.

"அது சரி" என்று மைனா தலையைச் சாய்த்தது. "எனக்கு என்ன தருவீங்க?"

நரி அதன் காதோரம் குனிந்தது.

"என் சிரிப்பைத் தரேன்."

அவ்வளவுதான். மைனா கிளையில் நிற்கவில்லை, குதித்தது.

பொந்துக்குத் திரும்பியதும் ஆண் மைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னது. ஆண் மைனா குஞ்சுகளுக்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தது. அது அதிகம் பேசாது.

"வழி எந்தப் பக்கமாப் போகுதாம்?" என்று மட்டும் கேட்டது.

"குளத்துக்குப் போகுது."

"குளத்துக்குத்தான். எந்தப் பக்கமா?"

"அதை நான் ஏன் கேட்கணும்? வழி போடறது யானை, சரின்னது எல்லாரும். என் வேலை குரல் கொடுக்கிறது. இங்கே பாரு, ஆமை எப்படிச் சொல்லும்னு... சம்... ம... தம்..."

குஞ்சுகள் வாயைப் பிளந்தன. அம்மாவும் பழம் ஊட்ட வந்ததாக அவற்றுக்கு நினைப்பு. ஆண் மைனா மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்தது. பெரியம்மா பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மூங்கில் புதருக்குள் மைனா. வெளியே நரி மட்டும், கூட்டத்தைக் கட்டி மேய்க்கிறவன் மாதிரி, "தள்ளாதீங்க, தள்ளாதீங்க! ஒவ்வொருத்தரா வாங்க!" என்றது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று பெரியம்மா கேட்டது.

"வந்தாச்சு பெரியம்மா. நிக்கவே இடமில்லை."

"எல்லாருக்கும் விவரம் சொன்னியா?"

"வீடு வீடாப் போய்ச் சொன்னேன். தடத்தை நேராவே போடலாமான்னு கேளுங்க, அவ்வளவு போதும்."

"முயல் என்ன சொல்றே?"

"சம்மதம், சம்மதம்!"

"ஆமை?"

இங்கே மைனா எவ்வளவு நேரம் காத்திருந்தது தெரியுமா? ஒரு காய்ந்த இலை மரத்திலிருந்து கிளம்பித் தரையைத் தொடும் வரை. அதற்கப்புறம்தான், "சம்... ம... தம்..." என்றது. ஆமையே கேட்டிருந்தால் தான்தான் பேசியதாக நம்பியிருக்கும்.

"மான்?"

"எனக்குச் சம்மதம்தான், ஆனா அங்கே இலை அசைஞ்ச மாதிரி..." அதைத் தொடர்ந்து சருகில் தடதடவென்று ஓடும் குளம்புச் சத்தம். அதுவும் மைனாதான்.

பெரியம்மாவின் காது ஒருமுறை விசிறியது. "எல்லாரும் சரின்னா எனக்குப் பயமா இருக்கு. முள்ளம்பன்றி எங்கே? எந்த வழி போட்டாலும் அவன் ஒரு குறை சொல்லுவானே."

நரியின் முகம் மாறியது. மைனா மாறவில்லை. தொண்டையைக் கரகரவென்று செருமிக்கொண்டது.

"வழி போட்டா தூசி. போடலைன்னா முள்ளு. என்ன காடோ இது! போடுங்க, போடுங்க."

பெரியம்மாவே குலுங்கிவிட்டது. நரி சிரிக்கவில்லை. மைனா மூங்கிலைக் கவ்விக்கொண்டு சிரிப்பை அடக்கியது. இல்லை குழந்தைகளே, அந்தச் சிரிப்பு இதுவும் இல்லை.

"மைனா குடும்பம் ஒண்ணு உண்டே. மைனா என்ன சொல்றே?"

மைனா நரியைப் பார்த்தது. நரி கண்ணைச் சிமிட்டியது. அன்றைக்கு முதல் தடவையாக மைனா தன் சொந்தக் குரலில் பேசியது.

"சம்மதம் பெரியம்மா!"

"நல்லது. காலையிலே ஆரம்பிச்சிடுவோம்" என்று பெரியம்மா எழுந்தது.

"நரியண்ணா, என் கூலி?" என்று மைனா கேட்டது.

"நாளைக்கு. நாளைக்கு நானே உன்னைத் தேடி வந்து தரேன்."

விடிந்ததும் மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய வேடிக்கையை யாரிடமாவது சொல்லாமல் எப்படி இருப்பது? அடுத்த மலைச்சரிவில் அத்தி பழுத்திருந்தது. அங்கே கிளிகள் கூட்டமாக இருக்கும். ஆண் மைனா அதற்கு முன்பே பழம் தேடிப் போய்விட்டது.

"அம்மா வர்ற வரைக்கும்?" என்று மைனா கேட்டது.

குஞ்சுகள் இரண்டும் மூச்சு விடாமல் இருந்து காட்டின.

"என் தங்கங்கள்!"

அத்தி மரத்தில் கிளிகள் கிளையைவிட்டு விழாத குறைதான். "இன்னொரு தடவை ஆமை! இன்னொரு தடவை ஆமை!" மைனா ஆமை சொன்னதைச் சொன்னது. மான் ஓடியதை ஓடியது. முள்ளம்பன்றிக்குத் தொண்டையைச் செருமியபோது, தூரத்தில், காட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

மெதுவாக ஒரு முனகல். அப்புறம் மடமடமடவென்று. கடைசியில், தடார்.

கிளிகள் அடங்கின. "என்ன சத்தம் அது?"

"இருங்க, இருங்க" என்றது மைனா. அதன் கண் பளபளத்தது. இதுவரை அதனிடம் இல்லாத சத்தம்! தலையைச் சாய்த்து ஒரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது. பிறகு தொண்டையைத் திறந்தது. முனகல், மடமடமட, தடார்.

"அப்படியே இருக்கு! அப்படியே இருக்கு!" என்று கிளிகள் சிறகடித்தன.

மைனா அதையே பழகிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தது. முனகல் இன்னும் கொஞ்சம் நீளமாக. மடமட இன்னும் கொஞ்சம் வேகமாக. குஞ்சுகளுக்குச் செய்துகாட்டினால் எப்படி முழிக்கும்!

நாவல் மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது.

மைனா ஒரு சுற்றுச் சுற்றியது. வேறு இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தது. இன்னொரு சுற்றுச் சுற்றியது. கீழே மரம் நீளமாகப் படுத்திருந்தது. பொந்து இருந்த பக்கம் மண்ணில் அழுந்திக் கிடந்தது. ஆண் மைனா அந்த இடத்தில் மண்ணில் நடந்துகொண்டிருந்தது. அதன் அலகில் ஒரு பழம் இருந்தது. அதைக் கீழே போடவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

குஞ்சுகளைக் கூப்பிட மைனா வாயைத் திறந்தது. காலையிலிருந்து பழகியதுதான் வந்தது. முனகல், மடமடமட, தடார்.

ஆண் மைனா நடுங்கி ஒதுங்கியது.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்திருந்தார்கள். மரத்துக்குப் பக்கத்தில் இருந்த முயலின் வளைவாசல் மண்ணால் மூடிப்போயிருந்தது. குட்டிகள் உள்ளே. வெளியே முயல் இரண்டு கையாலும் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா தும்பிக்கையால் மண்ணை விலக்கிக் கொடுத்தது. ஒவ்வொன்றாகக் குட்டிகள் தும்மிக்கொண்டே வெளியே வந்தன.

"யாரைக் கேட்டு மரத்தைச் சாய்ச்சீங்க பெரியம்மா? யாரைக் கேட்டு?" என்று முயல் அழுதது.

"உன்னைக் கேட்டுத்தான். நேத்து நீதானே சம்மதம்னு சொன்னே? ரெண்டு தடவை சொன்னியே."

"நானா? நானா?"

இதே முயல் இப்படி இரண்டு தடவை சொல்வதுதான் எத்தனை வேடிக்கையாக இருந்தது! இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நான் பாறைக்கே வரலியே" என்றது மான். அது பேச்சைப் பாதியில் விட்டு ஓடவில்லை. முதல் தடவையாக அங்கேயே நின்றது.

"என்னை... யாரும்... கேட்கலை..." என்றது ஆமை.

"கேட்டிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?" என்றது முள்ளம்பன்றி. அதன் முள் சிலிர்க்கவில்லை, படிந்து கிடந்தது.

பெரியம்மா மெல்லத் திரும்பியது. மைனாவைக் கண்டது.

"நீயும்தான் சம்மதம்னு சொன்னே, மைனா. உன் குரல்தானே அது? குஞ்சு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வளைச்சிருப்பேனே. சாய்க்கிறதுக்கு முன்னாலே மரத்தைத் தட்டிக்கூடப் பார்த்தேன். மூணு தடவை தட்டினேன். உள்ளே ஒரு சத்தம் வரலை."

மைனா தலையைக் குனிந்துகொண்டது. சத்தம் வந்திருக்காது. அவை சமர்த்துக் குஞ்சுகள்.

"இந்த மரம்னு எனக்குத் தெரியாது, பெரியம்மா" என்றது. அதன் குரல் யாருடைய குரல் மாதிரியும் இல்லை. "எல்லாரும் சரின்னுட்டாங்கன்னு நரியண்ணன் சொன்னாரு. பாறைக்கு வர முடியலைன்னு... அதான் நான் எல்லாருக்குமா..."

அதற்கு மேல் மானைப் போல மைனாவும் பேச்சை முடிக்கவில்லை.

"அப்போ நேத்து நான் கேட்ட முயல்?" என்றது பெரியம்மா. "ஆமை? மான்? முள்ளம்பன்றி?"

எல்லாரும் மைனாவையே பார்த்தார்கள். பெரியம்மாவின் பெரிய காதுகள் இரண்டும் துணி மாதிரித் தொங்கின.

அப்போதுதான் பாறை இடுக்கின் ஆழத்திலிருந்து, எந்தத் தும்பிக்கையும் எட்டாத இடத்திலிருந்து, அது வந்தது.

"ஹிக்... ஹிக்... ஹிக்கிக்கிக்கீ..."

மெல்லிய, ஈரமான, நிற்காத சிரிப்பு. குழந்தைகளே, நான் முதலிலேயே சொன்ன சிரிப்பு இதுதான்.

"நல்லாக் கேட்டுக்கோ, மைனா" என்றது நரி. "தரேன்னு சொன்ன கூலியைத் தந்துட்டேன்."

எதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிற மைனா அதையும் பிடித்துக்கொண்டது. ஆனால் திருப்பிச் சொல்லவில்லை. நரி யாரையும் கேட்கவில்லை, தன்னையும் கேட்கவில்லை என்பது அதற்கு அப்போதுதான் புரிந்தது.

நீதி: எல்லாருக்குமான வழிக்கு அவரவர் வாயால் சொல்வதே சம்மதம், பிறர் குரலில் விளையாட்டாகச் சொல்லும் 'சரி', சொன்னவர் கூட்டையும் சாய்க்கும்.